ஆறேந்தல் கண்மாயும் மிச்சப்பட்ட இலையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு எல்லாமே சமமாக இருக்க வேண்டும். பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைப் பாயசத்தில் எத்தனை முந்திரி கிடக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். தன் இலையில் ஒன்று கூடுதலாக இருந்தால் அதை எடுத்துப் பக்கத்து இலையில் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். இரண்டு ராணிகளுக்கும் ஒரே நீளத்தில் சேலை. ஒரு ராணி குட்டை, ஒரு ராணி நெட்டை என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஜனங்கள் முதுகுக்குப் பின்னால் அவரைத் தராசு ராஜா என்றார்கள். பைத்தியம்தான். ஆனால் ராஜாக்களுக்குப் பிடிக்கிற பைத்தியங்களில் இது பரவாயில்லாத பைத்தியம்.

அவர் சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். நொச்சியேந்தல் என்ற ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவன் அரண்மனை வரைக்கும் வந்திருந்தான். அவனைக் கண்டால் பிரதானி அம்பலவாணருக்கு வயிறு எரியும். காரணம் ஒரு காக்கை. காக்கை கரைந்து தூக்கம் கெடுகிறது என்று ராஜா ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார். பிரதானி உடனே பத்து ஆளை வைத்து விடியற்காலையிலேயே தமுக்கடித்துக் காக்கையை விரட்டினார். மறுநாள் சபையில் குப்பாண்டி எழுந்து, "மகாராஜா, காக்கைத் தொல்லை ஒழிந்தது. இனி அந்தத் தமுக்குக்காரர்களை விரட்ட நாலு காக்கை தேவைப்படுகிறது, எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். சபை முழுக்கச் சிரித்தது. பிரதானியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

நமது கதை காக்கையைப் பற்றியது இல்லை. பதினோரு பிணங்களைப் பற்றியது.

அந்த ராஜ்ஜியத்தின் தெற்குக் கோடியில் ஆறேந்தல் கண்மாய் என்று ஒரு பெரிய நீர்நிலை. மருதேந்தல், நொச்சியேந்தல், பனையேந்தல், புங்கேந்தல், இலந்தையேந்தல், ஆவாரேந்தல் என்று ஆறு ஊர்கள் அதன் தண்ணீரில்தான் உயிர் வாழ்ந்தன. கண்மாயின் உள்ளே, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் ஒரு கல்மேடை உண்டு. அதற்கு மடைமேடை என்று பெயர். மேடைக்கு நேர் கீழே, கண்மாயின் தரையில், ஒரு குழியும் அதை அடைத்த கல்லும். அந்தக் கல்லைப் புரட்டினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். புரட்டுவதற்கு ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூச்சடக்கி உள்ளே போக வேண்டும். கல் புரண்டதும் தண்ணீர் அவனையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். மேலே நிற்கிறவர்கள் அந்தக் கணமே இழுத்துவிட வேண்டும்.

உள்ளே போகிறவர்கள் மடைக்குடி ஆட்கள். கரைக்குக் கீழே இருபது குடிசை. அவர்கள் தண்ணீருக்குள் இறங்கலாம். மேடையில் ஏறக் கூடாது. கயிறு பிடிப்பது ஆறு ஊர்க்காரர்களின் உரிமை. வழக்கம் அப்படி. எவன் ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, மீறினால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வரும்.

அந்த வருஷம் மழை குறைவு. யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்று மடைமேடையில் வாய்ச்சண்டை தொடங்கி, கைச்சண்டையாகி, அரிவாளில் போய் முடிந்தது. அன்றைக்கு ஆறு ஊரிலும் பிணம் விழுந்தது. ராஜா குதிரையேறி நேரில் வந்தார். கரைமேல் வரிசையாகப் பதினோரு பேரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். அரண்மனைக்குத் திரும்பியபின் ஒரு மாதம் அவர் சிரிக்கவில்லை. குப்பாண்டியும் சிரிக்க வைக்க முயலவில்லை. செத்தவர்களில் ஒருவன் அவனுடைய பெரியப்பா மகன்.

மடையைப் பூட்டி முத்திரை வைத்தாயிற்று. வயலில் பயிர் பால் பிடிக்கிற பருவம். அப்போதுதான் ராஜாவுக்குத் தராசு ஞாபகம் வந்தது. பிரதானியைத் தனியே கூப்பிட்டுத் தம் யோசனையைச் சொன்னார்.

"மடைமேடையில் தினம் மூன்று ஊர் ஆட்கள் காவல் நிற்கட்டும். ஓர் ஊர் மட்டும் நின்றால் திருட்டு. இரண்டு ஊர் நின்றால் கூட்டுச் சதி. மூன்றாவது ஊர் சாட்சி. ஒரு சுற்றுக்குள் எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் அவை ஒரே ஒரு நாள் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் சேர்ந்தால் உறவாகிவிடும். ஒரு நாளும் சேராவிட்டால் பகையாகிவிடும். இந்த முறையை வகுத்துக் கொடும்."

பிரதானி வீட்டுக்குப் போய் ஆறு சோழிகளை வைத்துக்கொண்டு இரண்டு பகல் முழுவதும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. எப்படிப் போட்டாலும் ஏதாவது ஒரு ஜோடி இரண்டு தரம் வந்தது, அல்லது வராமலே போனது. இது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. நல்ல மந்திரியாக இருந்தால் அதைப் போய்ச் சொல்லியிருப்பார். இவர் காக்கையை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சபையில் பிரதானி வணங்கி எழுந்து, ராஜாவின் யோசனையை எல்லாரும் கேட்க எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "அரசே, இந்தச் சின்னக் காரியத்துக்கு அடியேன் எதற்கு? குப்பாண்டி அந்தக் கண்மாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். புத்திக்கும் குறைவில்லை. அவனிடம் ஒப்படைத்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுவான்."

ராஜா குப்பாண்டியைப் பார்த்தார். "எட்டு நாள் தருகிறேன். முடியாவிட்டால் அந்தக் கண்மாயே வேண்டாம். கரையை வெட்டித் தண்ணீரை ஆற்றில் விட்டுவிட்டு, ஜனங்களை வேறு சீமையில் குடியேற்றிவிடுவேன். மனிதனைத் தின்கிற கண்மாய் எனக்கு எதற்கு? முதல் மண்வெட்டி போடுவது நீயாக இருக்கட்டும். உன் ஊர்க் கண்மாய், உன் கை."

குப்பாண்டி ஒன்று மட்டும் கேட்டான். "மகாராஜாவின் கட்டளையை அப்படியே ஓலையில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். நாளைக்கு ஞாபக மறதி வரக் கூடாது."

"எழுதுங்கள்," என்றார் ராஜா. கண்ணை மூடிக்கொண்டார், அவருக்குக் கரைமேல் பார்த்த முகங்கள் தெரிந்தன போலிருக்கிறது. "அந்தக் கண்மாய்க்காக உயிரைக் கொடுத்த குடிகள் அனைத்தும், ஒன்று விடாமல், காவலுக்கு நிற்க வேண்டும். மற்றதெல்லாம் நான் சொன்னபடி."

பிரதானியே தம் கையால் எழுதி முத்திரையிட்டார்.

குப்பாண்டி வீட்டுக்கு வந்து ஆறு மரத்தின் இலைகளைப் பறித்துவரச் செய்தான். மருத இலை, நொச்சி இலை, பனையோலைத் துண்டு, புங்க இலை, இலந்தை இலை, ஆவார இலை. மும்மூன்றாகத் தரையில் பரப்பினான், கலைத்தான், மறுபடி பரப்பினான். சோறு ஆறிப் போயிற்று. மனைவி முத்தழகு வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஆடு கூட இத்தனை எலையப் பாத்துக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருக்காது," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்வெட்டியைத் தூக்கித் தன் ஊர்க் கரையில் போடுகிற மாதிரியே கண்முன் வந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் நடந்துதான் அவன் அம்மா அவனுக்குக் கஞ்சி கொண்டுவருவாள்.

நாலு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் இலைகளை மடியில் கட்டிக்கொண்டு வண்டியேறிக் கண்மாய்க்கே போனான்.

உச்சிவெயில். கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. முத்திரை வைத்த மடைமேடை தண்ணீரின் நடுவில் தனியாக நின்றது. கரையின் சரிவில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். மடைக்குடிக்காரி. கழுத்தில் ஒன்றும் இல்லை. குப்பாண்டி கொஞ்சம் தள்ளி ஒரு புங்க மர நிழலில் உட்கார்ந்து இலைகளைப் பரப்பினான். பரப்புவதும் கலைப்பதுமாக வெகுநேரம் இருந்தான்.

"என்ன சாமி, எலைய அடுக்கி அடுக்கிக் கலைக்கிறீக? மருந்து அரைக்கவா?" என்று அந்தப் பெண் சரிவிலிருந்தே கேட்டாள்.

அவனுக்கு யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்தது. ராஜா கேட்டதையெல்லாம் சொன்னான். தினம் மூன்று ஊர், எந்த இரண்டு ஊரும் ஒரே ஒரு தரம், ஆறு ஊர். அவள் கை பாட்டுக்குத் திரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வராது சாமி," என்றாள்.

"எப்படி வராது என்கிறாய்?"

"நான் முப்புரிக் கயிறு திரிக்கிறவ. ஒரு புரியக் கையில புடிச்சா, கூடச் சேக்க ரெண்டு புரி வேணும். ஒங்க ஊரயே எடுத்துக்கங்க. நொச்சியேந்தலு. அதுக்குச் சோடி சேர வேண்டியது மத்த அஞ்சு ஊரு. ஒவ்வொரு நாளும் நொச்சியேந்தலு கூட ரெண்டு ஊரு நிக்கும். அஞ்ச ரெண்டு ரெண்டாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சுமா இல்லையா? மிஞ்சுனதுக்குச் சோடி எங்கிட்டு இருந்து வரும்?"

குப்பாண்டி நொச்சி இலையை ஒரு பக்கம் வைத்தான். மற்ற ஐந்தையும் இரண்டிரண்டாக ஒதுக்கினான். ஓர் இலை மிச்சப்பட்டது. இலையை மாற்றி வைத்தான். எந்த இலையைத் தலைவனாக வைத்தாலும் கடைசியில் ஓர் இலை மிச்சம். நாலு நாளாக ஒரு சிறு குழந்தைக் கணக்கின்மேல் முட்டி மோதிக்கொண்டிருந்தது அவனுக்குப் புரிந்தது. சபையில் எல்லாரையும் முட்டாளாக்குகிறவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்படியென்றால் கண்மாய் போனது," என்றான். "பதினோரு பேர் செத்ததும் வீண்."

அவள் கை நின்றது. "பன்னெண்டு பேரு," என்றாள்.

"பதினொன்று. ராஜாவே எண்ணிப் பார்த்தார்."

"கரை மேல கெடந்தது பதினொண்ணு சாமி. கீழ ஒண்ணு கெடந்துச்சு. அது எம் புருசன் சங்கன். கல்லப் பெரட்டிட்டுக் கயித்தச் சுண்டிருக்காரு. மேல கயிறு புடிச்சவுக சண்டையப் பாத்ததும் அத விட்டுட்டு அருவாளத் தூக்கிட்டாக. கயிறு தண்ணிக்குள்ள சரசரன்னு போனத நான் இந்தா, இதே எடத்துல நின்னு பாத்தேன். மேடையில ஏறி நான் புடிச்சிருப்பேன். ஏறக் கூடாதே. எல்லாம் முடிஞ்சு மூணாம் நாளு எங்காளுக எறங்கி அவர எடுத்துட்டுக் கல்ல மறுபடி அடச்சாக. ராசா அதுக்குள்ள போயிட்டாரு."

அவள் பெயர் இருளாயி. அழவில்லை. அழுது முடித்தவள் பேசுகிற மாதிரி பேசினாள். அன்றைக்குக் கயிறு பிடித்தவன் யார் என்று குப்பாண்டி கேட்கவில்லை. நொச்சியேந்தலின் முறை நாள் அது. கயிறு பிடிக்கிற பாத்தியதை அவனுடைய பெரியப்பா வீட்டுக்கு. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அவன் யார் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

பிறந்ததிலிருந்து அவனும் ஆறு ஊர் என்றுதான் சொல்லியிருக்கிறான். ஆறு மரத்தின் பெயரையும் பாட்டாகப் பாடி விரல் மடக்கியிருக்கிறான். மடைக்குடி என்று ஏழாவது விரலை மடக்க அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்சப்பட்ட இலையைப் பார்த்தபடி கேட்டான்.

"தாயி, உங்கள் குடிக்கு என்ன மரம்?"

"எங்களுக்கு ஏது மரம்? கயிறுதான்." அவள் ஒரு சாண் நாரை அறுத்து அவன் பக்கம் போட்டாள். அவன் அதை எடுத்து மிச்சப்பட்ட இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

எட்டாம் நாள் சபை கூடியது. ஆறு ஊர்த் தலைவர்களான அம்பலகாரர்களும் வந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். வாசலில் ஒரு புது மண்வெட்டி சாத்தியிருந்தது; பிரதானி அதைத் தம் செலவிலேயே செய்வித்திருந்தார். குப்பாண்டி உள்ளே வந்தான். அவன் பின்னால் தோளில் கயிற்றுச் சுருளோடு இருளாயி வந்தாள். மருதேந்தல் அம்பலகாரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"முறை வகுத்தாயிற்றா?" என்று ராஜா கேட்டார்.

"வகுத்தாயிற்று மகாராஜா. ஏழு நாளில் ஒரு சுற்று. ஞாயிறு தொடங்கிச் சனி முடிய. தினம் மூன்று குடிகள். எந்த இரண்டு குடிகளும் ஒரே ஒரு நாள்."

பிரதானி துள்ளி எழுந்தார். "பொய்! ஆறு ஊரை வைத்துக்கொண்டு அது நடக்கவே நடக்காது! ஏழு நாளும் வராது, எட்டு நாளும் வராது! நான் சோழி வைத்து இரண்டு பகல் போட்டுப் பார்த்தவன்!"

ராஜா மெல்லத் திரும்பினார். "எப்போது போட்டுப் பார்த்தீர்?"

பிரதானி வாசல் பக்கம் பார்த்தார்.

"இவனிடம் ஒப்படைக்கச் சொன்னதற்கு முன்னாலா, பின்னாலா?"

நடக்காது என்று தெரிந்துகொண்டே ஒரு கண்மாயை வெட்ட விட்டிருப்பார் இந்த மனிதர் என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. குப்பாண்டி அதைப் பிடித்துக்கொண்டு விளையாடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் விளையாடியிருப்பான்.

"பிரதானியார் சொல்வது உண்மைதான் மகாராஜா," என்றான். "ஆறு ஊருக்கு இது வராது. ஓர் ஊருக்குச் சேர வேண்டிய மற்ற ஊர்கள் ஐந்து. இரண்டிரண்டாக நிறுத்தினால் ஒன்று மிச்சம். ஆனால் தங்கள் கட்டளையில் ஆறு என்ற சொல்லே இல்லை." ஓலையை எடுத்து வாசித்தான். "கண்மாய்க்காக உயிரைக் கொடுத்த குடிகள் அனைத்தும், ஒன்று விடாமல். பிரதானியாரின் கையெழுத்து. நான் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறவன். உயிரைக் கொடுத்த குடிகளை எண்ணினேன். ஏழு வந்தது."

"ஏழா?"

"தாங்கள் கரைமேல் பார்த்தது பதினோரு பேரை. பன்னிரண்டாவது ஆள் தண்ணீருக்கடியில் கிடந்தான். மடைக்குடிச் சங்கன். கயிறு பிடித்தவன் விட்டுவிட்டதால் செத்தான். விட்டவன் என் பெரியப்பா மகன். இது அந்தச் சங்கனின் மனைவி."

ராஜா சிங்காதனத்தை விட்டு இறங்கி வந்து இருளாயிக்கு எதிரில் நின்றார். "நான் எண்ணாமல் விட்டுவிட்டேன்," என்றார். தராசு ராஜா தம் வாழ்நாளில் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

குப்பாண்டி சபையின் நடுவில் ஆட்களை நிறுத்தினான். மருதேந்தல், பனையேந்தல், ஆவாரேந்தல் அம்பலகாரர்களை மூன்று மூலையில் வைத்தான். ஒவ்வொரு இரண்டு மூலைக்கும் இடையில் மற்ற மூவரில் ஒருவர். நட்டநடுவில் இருளாயி. பிறகு கயிற்றை வெட்டி வெட்டிப் பிடிக்கக் கொடுத்தான். ஒரு கயிறு ஒரு நாள். ஒரு கயிற்றை மூன்று பேர் பிடிக்க வேண்டும்.

"ஞாயிறு, மருது, மடைக்குடி, நொச்சி. திங்கள், பனை, மடைக்குடி, புங்கு. செவ்வாய், ஆவாரை, மடைக்குடி, இலந்தை. இந்த மூன்று கயிறும் நடுவில் கூடுகின்றன, பாருங்கள். புதன்கிழமை ஓரத்துக் கயிறு: மருதுக்கும் பனைக்கும் நடுவே இலந்தை. வியாழன், மருது, புங்கு, ஆவாரை. வெள்ளி, பனை, நொச்சி, ஆவாரை. மீதி சனிக்கிழமை. அதற்கு நொச்சி, புங்கு, இலந்தை."

அந்தக் கடைசிக் கயிறு நேராக நிற்கவில்லை. மூவரையும் தொட்டுக்கொண்டு இருளாயியைச் சுற்றி வட்டமாக வளைந்தது.

"மற்ற ஆறும் நேராக இருக்கிறது. இது வளைகிறதே?" என்றார் ராஜா. சமமில்லாததைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"கண்மாய்க் கரை நேராகவா இருக்கிறது மகாராஜா? வளைந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஒரே கரைதான். கயிறு எப்படிப் போனாலும் மூன்று பேர் பிடித்தால் ஒரு நாள்."

ராஜா தாமே கயிறுகளுக்கிடையில் நடந்து சோதித்தார். எந்த இருவரைத் தொட்டாலும் அவர்களுக்குப் பொதுவாக ஒரே ஒரு கயிறு இருந்தது. இரண்டும் இல்லை, இல்லாமலும் இல்லை. அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஆனால் சந்தேகம் ஒன்று வந்துவிட்டது.

"புதன்கிழமைக்காரர்கள் தண்ணீரைத் திருடிவிட்டு மூடி மறைத்தால், சனிக்கிழமைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த இரண்டு கயிற்றையும் ஒரே கையில் பிடித்திருப்பவர் யார் என்று பாருங்கள்."

இலந்தையேந்தல் அம்பலகாரர் கையில் இரண்டும் இருந்தன. ராஜா திங்களையும் வியாழனையும் கேட்டார். புங்கேந்தல் கையில் இருந்தன. செவ்வாயும் வெள்ளியும், ஆவாரேந்தல் கையில்.

"எந்த இரண்டு நாளை எடுத்தாலும் இரண்டிலும் நின்ற ஒரு குடி உண்டு," என்றான் குப்பாண்டி. "ஒன்றே ஒன்று. ஒரு நாளில் நடந்தது மற்ற ஆறு நாளுக்கும் போய்விடும். மறைக்க இடம் இல்லை."

அப்போது மருதேந்தல் அம்பலகாரர் கயிற்றைக் கீழே போட்டார். "மகாராஜா, கணக்கு சரியா இருக்கலாம். வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? மடைக்குடிக்காரக எங்க கூட மேடையில ஏறுறதா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இல்லாத வழக்கம்."

குப்பாண்டி அவரோடு வாதாடவில்லை. "தாயி, கொஞ்சம் விலகி நில்லுங்கள்," என்றான். இருளாயி கயிறுகளை விட்டுவிட்டு ஓரமாகப் போனாள். நடுவிலிருந்த மூன்று கயிறும் தொய்ந்து விழுந்தன.

"ஞாயிற்றுக்கிழமை மருதேந்தலும் நொச்சியேந்தலும் மட்டும்," என்றான். "திங்களும் இரண்டே ஊர். செவ்வாயும் இரண்டே ஊர். இரண்டு ஊர் நின்றால் கூட்டுச் சதி என்று மகாராஜாவே சொன்னார். சண்டை நடந்த அன்று மேடையில் இரண்டே ஊர்க்காரர்கள்தான் முதலில் நின்றார்கள். நொச்சியேந்தலும் மருதேந்தலும். ஐயாவுக்கு நினைவிருக்கும். ஐயாவின் மகன் அங்கேதான் விழுந்தான்."

மருதேந்தல் அம்பலகாரரின் முகம் கறுத்தது. அவர் குனிந்து, கீழே போட்ட கயிற்றைத் தாமே எடுத்தார். எடுத்த கயிற்றின் நடுப்பாகத்தை இருளாயி இருந்த பக்கம் நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார், இருந்தாலும் நீட்டினார். அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

ராஜா அந்த மண்வெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிரதானியின் கையில் அதைக் கொடுத்து, "கண்மாயில் வண்டல் நிறையச் சேர்ந்திருக்கிறதாம். கோடையில் நீர் வற்றியதும் மூன்று மாதம் அங்கே இருந்து, ஏழு குடி ஆட்களோடும் சேர்ந்து அள்ளிவிட்டு வாரும். ஒவ்வொருவரும் எத்தனை கூடை அள்ளுகிறார்களோ அத்தனை கூடை நீரும். ஒன்று கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்," என்றார். பிரதானி தம் செலவில் செய்த மண்வெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

"உனக்கு என்ன வேண்டும், குப்பாண்டி?"

"ஞாயிற்றுக்கிழமை நொச்சியேந்தலின் முறை. கயிறு பிடிக்கிற பாத்தியதை எங்கள் பெரியப்பா வீட்டுக்கு. பிடிக்க இருந்தவன் இல்லை. அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழு குடியும் கரையில் கூடியிருந்தது. ராஜாவும் வந்திருந்தார். மடைமேடையில் மூன்று பேர்: மருதேந்தல் அம்பலகாரர், குப்பாண்டி, இருளாயி. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மடைக்குடிக் கால் படாத கல்லில் அவள் நின்றாள். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கனின் தம்பி சாத்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான்.

கயிறு அவர்கள் கைகளினூடே போயிற்று. நின்றது. தண்ணீர் சலனம் இல்லாமல் கிடந்தது. குப்பாண்டிக்கு உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. கரையில் யாரோ இருமினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நேரம் ஒருவன் மூச்சடக்க முடியுமா என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

கயிறு சுண்டியது.

மூன்று பேரும் ஒன்றாக இழுத்தார்கள். கீழே இருந்து தண்ணீர் எதிர்த்து இழுத்தது. அம்பலகாரர் முக்கினார், இருளாயி காலை மேடை விளிம்பில் உதைத்துக்கொண்டு சாய்ந்தாள், குப்பாண்டியின் கைத்தோல் உரிந்தது. சாத்தனின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. அவன் ஒரு பெரிய மூச்சு இழுத்தது கரை வரைக்கும் கேட்டது. அதே நேரம் கரைக்கு அந்தப் பக்கம், வாய்க்காலில், தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து வந்தது. ஜனங்கள் ஓவென்று கூவினார்கள். ஒரு மாதத்துக்குமேல் சிரிக்காத ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் கழுத்து மாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்கென்று படகில் அனுப்பினார். அனுப்பிய பிறகு யோசித்து, அதே எடையில் இன்னும் மூன்று மாலைகளை அரண்மனையிலிருந்து எடுத்துவர ஆள் விட்டார்.

மேடையில் இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த சாத்தனின் தலையை முந்தானையால் துவட்டினாள். பிறகு குப்பாண்டியின் ரத்தம் கசிகிற கைகளைப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் சாமி," என்றாள். "அன்னைக்கும் இவ்வளவுதான் இழுக்க வேண்டியிருந்துச்சு."

குப்பாண்டி தலை குனிந்து, ஈரக் கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தான். மாலை வந்த படகு மேடையோரம் காத்துக்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.